எண் அழிந்த கற்கள்

எங்கள் ஊர் சிவன் கோயில் சோழர் காலத்தது. கருவறையின் பின்சுவர் படுத்துத் தூங்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். பின்னால் மூலையே கிடையாது. சுவரில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூடச் சுற்றி வந்துவிடலாம்.

அந்தச் சுவர் சரியத் தொடங்கியதால், போன தையில் சாமியைக் கலசத்தில் இறக்கித் தகரக் கொட்டகையில் பாலாலயம் வைத்தார்கள். சாமி வெளியே இருக்கும்வரை ஊரில் கல்யாணம் கூடாது. அது எங்கள் ஊர்க் கட்டு. பழனி ஸ்தபதி கற்களைப் பிரித்து, சிவப்பு பெயிண்டில் எண் போட்டு, வேப்பமரத்தடியில் அடுக்கினார். புது அஸ்திவாரம் போட்டு, அது இறுகட்டும் என்று மாகறல் பக்கம் வேறு வேலைக்குப் போனார்.

என் அண்ணி தேவகிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் ஜெயப்ரியாவுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணம் கும்பாபிஷேகத்துக்காகக் காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முனக ஆரம்பித்துவிட்டார்கள். சாமிக்குக் கைவேலை செய்தால் வழி விடுவார் என்று பெண்களைத் திரட்டி உழவாரப் பணிக்குக் கிளம்பினாள். சாமி கல்லில் சிவப்புக் கிறுக்கல் என்னத்துக்கு என்று தின்னர் ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்தார்கள் பாருங்கள், கல்யாணப் பாத்திரம் தோற்றது! எனக்கு இடுப்பு வலி, போகவில்லை. புண்ணியம் போச்சே என்று அன்றைக்கு வயிறெரிந்தேன்.

பழனி வந்து பார்த்தார். முதலில் பதறவில்லை.

"நம்பர் போனா போவுதும்மா. உள்பக்கம் விளக்குப் புகை படிஞ்சிருக்கும். அந்தக் கறைய வெச்சே ஒண்ணோட ஒண்ணு சேர்த்துடலாம்" என்று ஒரு கல்லைப் புரட்டினார். பிறகு இன்னொன்றை.

"அந்தப் பக்கமும் தேய்ச்சுட்டோங்க. பொட்டுக் கரி இல்ல, பாருங்க" என்றாள் அண்ணி, பெருமையாக.

அவர் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முன்பு எடுத்த போட்டோக்களில் வெளிப்பூச்சுதான் தெரிந்தது. நேர்ச்சுவர்க் கல்லை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இதில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லுக்கென்றே செதுக்கியது.

"ஒவ்வொண்ணா வெச்சுப் பார்க்கணும். ரெண்டு மூணு வருசம் ஆவும்" என்றார் ஊர்க்கூட்டத்தில்.

கோயில் கமிட்டித் தலைவர் கலைவாணன், "சிமெண்ட்ல நேரா கட்டினா ஆவணியில கும்பாபிஷேகம். தேவகிம்மா, உன் பொண்ணு கல்யாணம்தான் நின்னுக்கினு இருக்குது. நீயே சொல்லு" என்றார். பழியை அடுத்தவர் தலையில் இறக்குவதில் மனிதர் கெட்டிக்காரர்.

அண்ணி மகளைப் பார்த்தாள். ஜெயப்ரியா தலை நிமிரவில்லை.

"நேராவே கட்டுங்கபா."

என்றாள் அண்ணி. அவளைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

ஆவணியிலேயே கும்பாபிஷேகமும் கல்யாணமும் முடிந்தன. மணமக்களோடு கோயிலைச் சுற்றினோம். அண்ணி பழக்கத்தில் கண்ணை மூடி, சுவரில் கை வைத்து நடந்தாள். பின்பக்கம் திரும்பும் இடத்தில் சுவர் சட்டென்று முடிந்து, கை வெறுங்காற்றில் விழுந்தது. தடுமாறி நின்றுவிட்டாள்.

"வாம்மா" என்று மாலையோடு ஜெயப்ரியா கூப்பிட்டாள்.

வேப்பமரத்தடியில் கற்கள் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தன. அண்ணி அந்தப் பக்கம் பார்க்காமல் மகள் பின்னால் போனாள். அப்புறம் அவள் சுவரைத் தொடவில்லை.