எப்சிபாவின் தாயத்து

சனிக்கிழமை சாயங்காலங்களில் கல்மண்டபத்து முச்சந்தியில் தெருப்பிரசங்கம் நடக்கும். சபையார் ஐந்தாறு பேர் ஒரு மிருதங்கத்தோடு வந்து நின்று கீர்த்தனை பாடுவார்கள். துறைமுகத்தில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் வேடிக்கை பார்க்க நிற்பார்கள். கூட்டம் சேர்ந்ததும் அருமைநாயகம் பேசுவான். பி.ஏ. படித்தவன், மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். சுருக்கமாகப் பேசுவான். அதனாலேயே ஜனங்கள் நின்று கேட்டார்கள்.

அன்று அவன் கையில் ஒரு தாயத்து இருந்தது. பேனாக்கத்தியால் அதன் மூடியை நெம்பி, உள்ளே சுருண்டிருந்த செப்புத் தகட்டை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

"இவ்வளவுதான். இதை நம்பித்தான் பிள்ளைகளை வளர்க்கிறீர்கள்."

கூட்டம் சிரித்தது. எதிரே தன் அத்தர்க் கடை வாசலில் உட்கார்ந்திருந்த பக்ருதீன் சாயபுவும் சிரித்தார். தாயத்து எழுதிக் கட்டுவது அவருக்குப் பக்கத் தொழில்.

தாயத்தைப் பிரசங்கத்துக்கென்று கொடுத்தனுப்பியது அருமைநாயகத்தின் மாமியார் அன்னபாக்கியம். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவளுக்குச் சபை கொடுத்த வேலை. ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தவர்களின் கையிலும் இடுப்பிலும் கிடக்கும் மந்திரக் கயிறுகளை அவளே அறுப்பாள். அதற்கென்று ஒரு சின்னக் கத்தரிக்கோலை இடுப்பில் செருகியிருப்பாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் அவளுக்குக் கத்தரிக்கோல் அம்மா என்றே பெயர்.

அவளுடைய ஒரே மகள் எப்சிபா, அருமைநாயகத்தின் மனைவி. பாட்டுப் புத்தகத்தோடு பெண்கள் பக்கம் நின்றிருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னாள்:

"யாரோ பயந்துபோய்க் கட்டினது அது. பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாமாங்க?"

"விசுவாசம் இருந்தால் பயம் ஏன் வருகிறது?"

"நீங்க இன்னும் எதுக்கும் பயந்ததில்லை," என்றாள் அவள். அதைக் குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று அவன் கேட்கவில்லை.

தை மாதத்தில் ராயபுரத்தில் வாந்திபேதி பரவியது. அன்னபாக்கியம் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பெண்களுக்கு வேதபாடம் சொல்லப் போயிருந்த சமயம், எப்சிபா விடியற்காலையில் படுத்தாள். மத்தியானத்துக்குள் கண்கள் குழிவிழுந்து, விரல்கள் தண்ணீரில் ஊறினாற்போலச் சுருங்கிவிட்டன. டாக்டர் வந்து பார்த்து, உப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வாரம் அவருக்கு எல்லாத் தெருவிலும் வேலை இருந்தது. எண்ணூருக்கு ஆள் அனுப்பியாயிற்று. கழிமுகத்தைப் படகில் தாண்டி அன்னபாக்கியம் வந்து சேர மறுநாள் ஆகும்.

அருமைநாயகம் கட்டிலருகில் மண்டியிட்டு ஜெபம் பண்ணினான். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தைகள். சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அறையில் எப்சிபாவையும் தன்னையும் தவிர வேறு யாரும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டான். மூடியதால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அதே வளவில் அடுத்த போர்ஷனில் இருந்த கெங்கம்மா கஞ்சித் தண்ணீரோடு வந்தாள்.

"இன்னா வாத்தியாரே, இப்டி மரமாட்டம் குந்திகினு கீற?"

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"பண்ணு, வாணான்னு சொல்லல. காலைலேர்ந்து சொல்லிகினுதான கீற, உங்க சாமிக்குக் காது கேக்கலையோ இன்னாவோ. கல்மண்டபத்து சாயபுகிட்டப் போய் ஒரு கயிறு வாங்கியா. அதுவரைக்கும் எப்சி பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

"நாங்க அதெல்லாம் செய்யறதில்லை, கெங்கம்மா."

"சாவறது மட்டும் செய்வீங்களாக்கும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். டாக்டரை இன்னொரு தடவை கூப்பிடத்தான் போகிறோம் என்று தெருமுனை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான்.

பக்ருதீன் சாயபு அவனைப் பார்த்ததும் நகர்ந்து பலகையில் இடம் விட்டார்.

"வா நைனா, உக்காரு. இன்னிக்கிப் பிரசங்கம் இல்லியே."

"ஒரு தாயத்து வேணும்."

"பிரிச்சிக் காட்டறதுக்கா, கட்டறதுக்கா?"

"கட்டறதுக்கு. பேதி. வேண்டியவங்க ஒருத்தருக்கு."

சாயபு அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. எழுதுகோலை எடுத்தார். "பேரு?"

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எப்சிபா."

"அம்மா பேரும் வேணும். அம்மா பேரு சேத்துத்தான் எழுதறது."

அருமைநாயகம் மறுபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேரு தெரியாதா நைனா?"

"அன்னபாக்கியம்."

சாயபு எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "நம்ம கத்தரிக்கோல் அம்மாவா?" என்றார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது அவர் மீசையில் தெரிந்தது. பிறகு குனிந்து எழுதி, சுருட்டி, குப்பியில் போட்டு அடைத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். "போ, சுருக்கப் போ. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனை வழியெல்லாம் அறுத்தது. அவன் கேட்காமலே அவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கெங்கம்மா தன் வீட்டுக்குப் போனபின், எப்சிபாவின் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, தோளுக்குக் கீழே அதைக் கட்டினான். முடிச்சுப் போடும்போது அவள் கண்ணைத் திறந்தாள். இடது கையால் தடவிப் பார்த்தாள். குரல் உடைந்து காற்றாகத்தான் வந்தது.

"கழட்டுங்க."

"இருக்கட்டும் எப்சி."

"அம்மா வருவாங்க. கழட்டிடுங்க."

அவன் கழற்றவில்லை. அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையை எடுத்து அவன் முழங்கையின்மேல் வைத்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். மறுநாள் காலை, பால்காரன் வந்து கூப்பிட்ட நேரத்தில், இறந்துபோனாள்.

அன்னபாக்கியம் வந்து சேர்ந்தபோது போதகர் மாசிலாமணி கூடத்தில் இருந்தார். அவள் அழுது முடித்து, மகளைத் தானே குளிப்பாட்டுவதாகச் சொல்லி, எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அருமைநாயகம் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தான். தாயத்து அவன் நினைவிலேயே இல்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் திடீரென்று நின்றபோதுதான் நினைவு வந்தது.

கதவு திறந்தது. அவள் கையில் அறுபட்ட கறுப்புக் கயிறு தொங்கியது. அதை மறைக்க ஒரு முந்தானை போதும். அவள் மறைக்கவில்லை. நேராகப் போதகரிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஐயா, என் பொண்ணு கையில இது இருந்துச்சு."

சபை ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். மந்திரக் கயிற்றோடு இறந்தவர்களுக்குக் கோயில் மணி அடிப்பதில்லை. பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோவதில்லை. கல்லறையில் ஒரு ஜெபத்தோடு அடக்கம். மற்றவர்களுக்கு அந்த ஒழுங்கை எடுத்துச் சொன்னவளே அன்னபாக்கியம்தான்.

போதகர் கயிற்றைக் கையில் வாங்கவில்லை. அருமைநாயகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது உமக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றான்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொல்லிற்று. சொன்னபிறகு அதைத் திருப்பி எடுக்கப் போதுமான நேரம் இருந்தது. போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்னபாக்கியம் அசையாமல் நின்றாள். பெட்டி செய்கிறவன் அளவு கேட்டு வந்து போனான். அந்த நேரம் முழுவதும் அருமைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடிக்கவில்லை. பெட்டி கோயில் வாசலைத் தாண்டிக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போயிற்று. கோயிலைக் கடக்கும்போது பெட்டி தூக்கியவர்கள் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். அன்னபாக்கியம்தான், "நடங்க," என்றாள்.

அதன்பிறகு அவன் பள்ளிக்கூடம் போனான், வந்தான். அழுகை வரவில்லை. தெருப்பிரசங்கத்துக்குப் போகவில்லை, துக்கம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவனுக்குத் துக்கம்கூட ஒழுங்காக வரவில்லை. எதைத் தொட்டாலும், தான் எதை நம்புகிறோம் என்ற ஒரு கேள்வியில் வந்து முட்டியது. கிறிஸ்துவை நம்பியிருந்தால் சாயபு கடைக்குப் போயிருக்கமாட்டான். தாயத்தை நம்பியிருந்தால் அதைக் கட்டியபிறகு கொஞ்சமாவது நிம்மதி வந்திருக்கும். அதுவும் வரவில்லை. கல்மண்டபத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவன் பேச்சைக் கேட்ட மூட்டைக்காரர்களுக்கு இரண்டில் ஒன்றாவது இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய நற்கருணை ஞாயிறு நெருங்கிற்று. முதல்நாள் சனிக்கிழமை ஆயத்தக் கூட்டம் நடக்கும். மறுநாள் அப்பமும் ரசமும் வாங்கப் பந்தியில் சேருகிறவர்கள் தங்கள் விசுவாசம் மெய்தானா என்று தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்கவேண்டும். போதகர் அதைச் சொல்லிவிட்டு எல்லாரையும் மௌனமாக இருக்கச் சொன்னார். அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டான். விசுவாசப்பிரமாணத்தை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தான். ஓர் எழுத்துத் தப்பவில்லை. வாய்ப்பாடும் அவனுக்கு அப்படித்தான் வரும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அன்னபாக்கியம் வேப்பமரத்தடியில் அவனுக்காக நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். இடுப்பில் கத்தரிக்கோல் இல்லை.

"எங்கே அத்தை, கத்தரிக்கோல்?"

"போதகர் ஐயர்கிட்டக் குடுத்துட்டேன் மாப்பிள்ளை. பெத்த பொண்ணு கையைப் பாக்கத் தெரியாதவ ஊரார் கைக் கயிறை எப்படி அறுக்கறது?" என்றாள். "நாளைக்கிப் பந்திக்கு முன்னால நான் எழுந்து நின்னு அவளுக்காக மன்னிப்புக் கேக்கப் போறேன். செத்தவங்களுக்காக அப்படிக் கேக்க நம்ம ஒழுங்குல இடமில்லைன்னாரு ஐயர். சரி, வளர்த்தவ தப்புன்னு என் பேர்ல கேக்கறேன்னேன். அதுக்கு ஒத்துக்கிட்டாரு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீங்க வருத்தப்படாதீங்க," என்றாள் அவள். "உங்களுக்கு இன்னா தெரியும்? பாவம், உங்களுக்கும் மறைச்சிட்டாளே."

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. பிரசங்கம் முடிந்தது. பீடத்தில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று. அன்னபாக்கியம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடுவழியில் வந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அருமைநாயகம் ஆண்கள் பக்கம் நான்காவது பெஞ்சில் இருந்தான். அவள் பேசி முடிக்கட்டும், பிறகு போதகரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வேலைக்கும் ஆபத்தில்லை.

"சபையாருக்குத் தோத்திரம்," என்று ஆரம்பித்தாள் அன்னபாக்கியம். "என் மகள் எப்சிபா செஞ்ச பாவத்துக்கு அவளை வளர்த்தவ நான்..."

"அத்தை," என்றான்.

எழுந்து நின்றுவிட்டிருந்தான். முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"தாயத்தை வாங்கினது நான். கட்டினதும் நான்."

யாரோ இருமினார்கள். போதகர் பீடத்தருகே அப்படியே நின்றார். அன்னபாக்கியம் திரும்பி அவனைப் பார்த்தாள். கோயில் முழுவதும் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். கழட்டச் சொன்னா."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை. அம்மா வருவாங்க, கழட்டிடுங்கன்னா."

"நீங்க கழட்டலை."

"இல்லை."

"ஏன்?"

அவனிடம் படித்த பதில்கள் எத்தனையோ இருந்தன. "பயமா இருந்தது," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அது மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கணக்கு எங்கே தப்பிற்று என்று பார்த்துவிட்டவளைப் போல இருந்தது. அவனுடைய பெஞ்சைக் கடந்து பீடத்தண்டை போனாள்.

"ஐயா, அவளுக்கு மணி அடிக்கச் சொல்லுங்க."

போதகர், மணிக்கயிற்றருகே நின்ற கோயில்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். மணி அடிக்கத் தொடங்கிற்று. மரண மணி, விட்டு விட்டு அடிப்பது. அது அடித்துக்கொண்டிருக்கையிலேயே பந்தி தொடங்கியது. அருமைநாயகம் உட்கார்ந்துவிட்டிருந்தான்; பந்திக்கு வராதே என்று அவனை யாரும் தடுக்கவில்லை, தடுக்கத் தேவையில்லை. பெஞ்சிலிருந்தவர்கள் அவன் முழங்காலில் படாமல் ஒதுங்கி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பெஞ்சில் அவன் மட்டும் இருந்தான்.

காது மடல்கள் எரிந்தன. சபையார் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் அது என்று முதலில் நினைத்தான். ஆனால் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார்கள். எப்சிபாவும் பார்க்க முடியாது. அப்படியும் வெட்கம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று. யார் முன்னால் இப்படிக் கூசுகிறோம் என்று அவன் யோசித்தான். குனிந்து முகத்தைக் கையில் வைத்துக்கொண்டான். ஜெபம் பண்ணவில்லை. பண்ண நாக்கு எழவில்லை.

ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். அன்னபாக்கியம் போதகரிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் காசிமேட்டுப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் போக அவனுக்குத் தைரியம் இல்லை.

வளவுக்குள் நுழைந்தபோது கெங்கம்மா குழாயடியில் பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வாத்தியாரே மணி? உங்க கோயில்ல யாரு செத்துட்டாங்க?"

"எப்சிபாவுக்கு."

அவள் பானையைக் கீழே வைத்தாள். "பாப்பா போய் எத்தினி நாளாச்சி. இப்பத்தான் உங்க சாமிக்குக் காது கேட்டுச்சா?"

கதவின் பூட்டில் சாவியை வைத்தபடி அவன் நின்றான்.

"தெரியலை, கெங்கம்மா," என்றான்.