ஏழாவது ஸ்விட்ச்

எர்சிலியா ஸ்பீக்கர் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தட்டி அணைத்துக்கொண்டு வந்தாள். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை, மகன் அறை, முற்றம். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளைப் பட்டை ஒட்டி அறையின் பெயரைக் கணவர் அபெலார்தோ தன் கையால் எழுதியிருந்தார். ஏழாவதற்குப் பெயர் இல்லை. அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருந்ததால், கைபடாமல் அப்படியே விட்டாள். ஆம்ப்ளிஃபயரின் மேலும், ரெக்கார்டு பிளேயரின் மேலும், ஸ்விட்ச் பெட்டியின் மேலும் ஒரே கறுப்புத் துணியைப் போர்த்தி, நான்கு மூலைகளையும் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், அபெலார்தோ சவப்பெட்டியில் கிடந்தார்.

"ஒரு வருஷம்" என்றாள் மகனிடம். "இந்த வீட்ல பாட்டுச் சத்தம் ஒரு வருஷத்துக்குக் கேக்கக்கூடாது. உன் போன்லகூட."

ஹைரோ இரவெல்லாம் அழுத கண்களோடு நின்றான். பஸ் ஓட்டுகிறவன், தோள் அகலமானவன், அம்மாவுக்கு முன்னால் மட்டும் குறுகிப்போவான்.

"அப்பாவுக்கு அது பிடிக்காதும்மா."

"அப்பாவுக்குப் பிடிச்சதைச் செய்யறதுக்கு நாப்பது வருஷம் இருந்துச்சு. செஞ்சாச்சு. இது செத்தவரோட மரியாதை."

அபெலார்தோ ரேடியோ பழுது பார்க்கிறவர். மணமான முதல் வருடமே வீடு முழுக்க ஒயர் இழுத்துவிட்டார். கூடத்தில் ஒரு இசைத்தட்டைப் போட்டால் ஆறு இடங்களில் பாடும். அவர் போலெரோ காதல் பாட்டுக் கேட்டுக்கொண்டு சவரம் செய்வார். அதே போலெரோவில் அவள் மீன் பொரித்தாக வேண்டும். 'எனக்கு இது வேண்டாம்' என்று அவள் சமையலறையிலிருந்து கத்தினால் ஒலியைக் குறைப்பார். தட்டை மாற்ற மாட்டார்.

நேற்று மாலையும் அப்படித்தான். தட்டு முடிந்த பிறகும் ஊசி சுற்றிச் சுற்றி உராய்ந்துகொண்டே இருந்தது. சமையலறை ஸ்பீக்கரில் கர்ர், கர்ர் என்று ஒரே சத்தம். "தூங்கிட்டீங்களா? தட்டைத் திருப்புங்க!" என்று இரண்டு முறை கத்தினாள். மூன்றாம் முறை கரண்டியோடு வந்து பார்த்தபோது, ஆடுநாற்காலி ஆடாமல் நின்றிருந்தது.

வாசலில் ஏதோ சக்கரம் கிறீச்சிட்டது. மூலைக்கடை வில்ஃப்ரீதோவும் கூட்டாளிகள் நால்வரும் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். தெருவில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள்.

"அண்ணி, கல்லறை வரைக்கும் ரெண்டே ரெண்டு பாட்டு" என்றான் வில்ஃப்ரீதோ, தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு. "பாட்டில்லாம அனுப்பினா பாதி வழியில எழுந்து திரும்பி வந்துடுவான்."

"வரட்டும். வந்தா என்கிட்டதான் வருவார், உங்ககிட்ட வரமாட்டார். வண்டியைத் திருப்பு."

"அண்ணி, எல்லாத் தோழர்களையும் நாங்க அப்படித்தான்..."

"உன் தோழனைத் தூக்கலடா நீ. என் புருஷனைத் தூக்கற. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு உள்ள வா. இல்லேன்னா வராதே."

வில்ஃப்ரீதோ பொத்தானைப் போட்டுக்கொண்டான். வண்டி கிறீச்சிட்டுத் திரும்பியது.

ஜெபம் சொல்ல வந்திருந்த பெத்ரோனா வெள்ளைத் திரைக்கு முன்னால் பலிபீடம் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆவிக்குத் தாகம் எடுத்தால் குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர், அதில் ஒரு பஞ்சு. நாற்காலிகள் நிறைந்துவிட்டன. கறுப்புக் காப்பித் தட்டு சுற்றி வந்தது. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. எர்சிலியாவுடைய அப்பாவின் சாவுக்கும் இதே கூடத்தில் இதே முறை. அன்று அதைக் குலைத்தவள் ஒருத்திதான்.

அந்த ஒருத்தி இப்போது வாசலில் நின்றாள்.

கூடத்தில் பேச்சு அடங்கியது. பெத்ரோனாவின் கையிலிருந்த மெழுகுவத்திகூட அந்தரத்தில் நின்றது. தங்கை நூரிஸின் தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அவசரமாக ஓரம் அடித்த கறுப்பு உடை. அதன் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளை நூல் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

அப்பாவுக்கான துக்க வருடம் முடியும் முன்பே, பாதிரியாரும் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் இதே கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில், நூரிஸின் அறையிலிருந்து கார்னிவல் பாட்டு கேட்டது. ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளாம். மெதுவாகத்தான் வைத்திருந்தாளாம். எர்சிலியா அந்த ரேடியோவை முற்றத்துத் தரையில் அடித்து உடைத்தாள். அதோடு விடவில்லை. அப்பாவின் வீட்டை இரண்டாக்கி முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பினாள். பின்பக்கத்து இரண்டு அறைகள் தங்கைக்கு; அவளுக்கு வாசல் பின்தெருவில். அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அபெலார்தோவையும் சிலுவைமேல் சத்தியம் செய்யவைத்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

"யார் சொன்னது உனக்கு?" என்றாள் எர்சிலியா. பின்தெருவுக்குச் சேதி போகக்கூடாது என்று நேற்றே அக்கம்பக்கத்தில் எச்சரித்திருந்தாள்.

"யாரும் சொல்லலக்கா."

"பின்ன?"

"தட்டு முடிஞ்சும் ஊசி உராய்ஞ்சுகிட்டே இருந்துச்சு. அத்தான் அப்படி விடமாட்டார். அப்புறம் யாரோ தூக்கிட்டாங்க. மறுபக்கம் போடல. காலையிலயும் ஒண்ணும் வரல."

"எங்க வரல?"

"என் ரூம்ல."

யாரோ காப்பிக் கோப்பையை வைத்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. எர்சிலியாவின் காதுமடல் சூடேறியது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு, வந்தவளை விரட்டுகிற வீடு அல்ல இது. வாசலோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை விரலால் காட்டினாள்.

நூரிஸ் உட்காரவில்லை. பெட்டியருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரைத் தொடவில்லை, அழவும் இல்லை.

எர்சிலியா மகனின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"என்ன ரூம்? என்ன பாட்டு? சொல்லு."

"அம்மா, இப்ப வேண்டாம்..."

"இப்பவே."

ஹைரோ தரையைப் பார்த்தான். "அந்த ஏழாவது ஸ்விட்ச்."

"ஷாக் அடிக்கற ஸ்விட்ச்."

"ஷாக்கெல்லாம் அடிக்காதும்மா. சித்தி வீட்டுக்குப் போறது. சுவர் கட்டின வருஷமே அப்பா இழுத்துட்டார். ஏணியைப் பிடிச்சது நான்தான். ஸ்பீக்கரைப் பின்தெரு வழியா நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"உனக்கும் தெரியும்."

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசும்மா."

"இப்ப உனக்குப் பன்னெண்டா?"

அவள் மேஜை இழுப்பறையை இழுத்தாள். அபெலார்தோவின் ஒயர் வெட்டும் குறடு கரண்டிகளுக்கு நடுவில் கிடந்தது. அதை எங்கே வைக்கக்கூடாது என்று தினமும் சொல்வாளோ அங்கேயே. எடுத்துக்கொண்டு சமையலறைக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருடமும் தலைக்கு மேலேயே ஓடியிருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரோடு ஒட்டி இன்னொன்று. சன்னல் சட்டத்தின் மேலாக வெளியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கி, முற்றத்துச் சுவருக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே அவளும் முற்றத்துக்கு வந்திருந்தாள். துளையைச் சுற்றி சிமெண்டு பூசி, சுவரின் நீலத்திலேயே வண்ணம் அடித்திருந்தார். இந்த வீட்டில் ஒழுகும் குழாயை ஆறு மாதமாகச் சரிசெய்யாத மனிதர், இதை விரலால் தடவினாலும் தெரியாதபடி செய்திருந்தார்.

அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

"அக்கா."

நூரிஸ் முற்றத்துக் கதவில் நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"அவர் உன் வீட்டுக்கு வந்ததுண்டா?" எர்சிலியாவின் குரல் தாழ்ந்து, கத்தி போல வந்தது. "உண்மையைச் சொல்லு. உள்ள செத்துக் கிடக்கறார்."

"வாசப்படி மிதிச்சதில்ல. ஒரு வார்த்தை பேசினதில்ல. உனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தாராமே, ஹைரோ சொன்னான். தெருவுல எதிர்ல வந்தாக்கூட அந்தப் பக்கம் நடைபாதைக்குப் போயிடுவார். நான் சிரிச்சுக்குவேன்."

"சிரிப்பியா? என் முதுகுக்குப் பின்னால பாட்டு வாங்கித் தின்னுட்டுச் சிரிப்பியா?"

"நீ என் ரேடியோவை உடைச்ச. நான் வேற வாங்கல. அந்தப் பிடிவாதம் எனக்கும் உண்டு, ஒரே அப்பாதானே. அத்தான் போட்டதைக் கேட்டேன். பிடிக்காததையும் கேட்டேன். நிறுத்துங்கன்னு நான் கத்தினா அவருக்குக் கேக்காது."

"வேண்டாம்னு நான் கத்தினாலும் அவருக்குக் கேக்காது" என்று வாய் தவறி வந்துவிட்டது. எர்சிலியா உதட்டைக் கடித்துக்கொண்டு குறட்டை ஒயரின்மேல் வைத்தாள்.

நூரிஸ் தடுக்கவில்லை. "வெட்டிக்கோ. ஒரு வருஷம் துக்கம்தானே, எப்படியும் ஒண்ணும் வரப்போறதில்ல" என்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா. கடைசியா அத்தான் ஏதாவது..."

"ஒண்ணும் சொல்லல. நான் இங்க இருந்தேன், அவர் அங்க இருந்தார்."

"நானும் அங்க இருந்தேன்" என்றாள் நூரிஸ், சுவரைக் காட்டி.

உள்ளேயிருந்து பெத்ரோனா கூப்பிட்டாள். பாதிரியார் வந்துவிட்டார்; பெட்டியை மூட வேண்டும். எர்சிலியா குறட்டை உடையின் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

கல்லறை வரை அது அவள் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. பாட்டில்லாத ஊர்வலம். செருப்புச் சத்தமும், பெட்டி தூக்கியவர்களின் மூச்சும், வெயிலும். வில்ஃப்ரீதோ பொத்தான் போட்ட சட்டைக்குள் வியர்த்து நனைந்திருந்தான். எர்சிலியா மனதுக்குள் அபெலார்தோவோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். சத்தியத்தை மீறினீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. வாசல் மிதிக்கவில்லை, வாய் திறக்கவில்லை. அவள் கேட்ட வார்த்தையை அச்சுப்பிசகாமல் காப்பாற்றிக்கொண்டே ஏமாற்றியிருக்கிறார். திரும்பிக் கேட்க ஆளில்லாத இடத்துக்கும் போய்விட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

நூரிஸ் கூட்டத்தின் கடைசியில், தனியாக வந்துகொண்டிருந்தாள். அந்த வெள்ளை நூல் காற்றில் ஆடியது. இரண்டு பெண்கள் அதைப் பார்த்து ஏதோ கிசுகிசுத்தார்கள். எர்சிலியா நின்றாள், ஊர்வலமும் தயங்கி நின்றது. தங்கை அருகில் வரும்வரை காத்திருந்தாள்.

"நூல் தொங்குது. பிச்சுப் போடு. நம்ம அப்பா பேரைக் கெடுக்கறதுக்குன்னே வருவியா?"

நூரிஸ் குனிந்து நூலை அறுத்தாள். நிமிர்ந்தபோது அக்கா மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் வேகமாக நடக்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முதல் நாள் ஜெபத்துக்கு ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. ஹைரோ வாடகை நாற்காலிகளுக்கு அலையப் போனான். வீட்டில் அவள் மட்டும். ஆறு அறைகளும் சத்தமில்லாமல் கிடந்தன. நாற்பது வருடமாக அவள் கேட்ட அமைதி. குழாய் சொட்டியது.

எர்சிலியா குறட்டைக் கையில் எடுத்தாள். தொட்டிக்குப் பின்னால் குனிய முழங்கால் ஒத்துழைக்காது. ஸ்விட்ச் பெட்டியிலேயே வெட்டிவிடலாம் என்று கறுப்புத் துணியின் ஒரு மூலையைத் தூக்கினாள்.

தட்டு அப்படியே இருந்தது. முதல் பக்கம் மேலாக. நேற்று ஊசியைத் தூக்கியது அவள்தான். அதன் பிறகு யாரும் தொடவில்லை. பெயரில்லாத ஸ்விட்ச் மட்டும் அணைக்காமல் மேல்நோக்கி நின்றது. அதன்மேல் விரலை வைத்தாள். ஷாக் அடிக்கவில்லை.

"பொய்க்காரர்" என்றாள் காலியான ஆடுநாற்காலியைப் பார்த்து.

பிறகு மற்ற ஆறு ஸ்விட்சுகளும் அணைந்து கீழேதான் இருக்கின்றனவா என்று ஒன்றுவிடாமல் அழுத்திப் பார்த்தாள். குறட்டை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். தட்டை எடுத்து, விளிம்பில் மட்டும் பிடித்து, அவர் செய்வதுபோலவே உடையின் நுனியால் துடைத்து, திருப்பிப் போட்டு ஊசியை வைத்தாள்.

கூடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி முனையில் மட்டும், காதை மிக அருகில் வைத்தால் பூச்சி முனகுவதுபோல ஏதோ. எர்சிலியா காதை வைக்கவில்லை. துக்க வீட்டில் உட்கார வேண்டிய விதத்தில், முதுகு நாற்காலியில் படாமல், நேராக உட்கார்ந்தாள்.

முற்றத்துச் சுவருக்கு அப்பால் ஊதுகருவிகளின் ஓசை எழுந்தது. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பொருள் தரையில் விழுந்து உருண்ட சத்தம். அப்புறம் பாட்டு மட்டும்.

பெத்ரோனா மெழுகுவத்திக் கட்டோடு உள்ளே வந்தாள். இரண்டடி வைத்து நின்று தலையைச் சாய்த்தாள்.

"எங்கேயோ பாட்டு கேக்குதே, எர்சிலியா? இன்னிக்குப் போய் பாட்டா?"

"என் வீட்ல இல்ல."

"பின்பக்கம் போல இருக்கு. உன் தங்கச்சி வீட்லயா?"

"அது அவ வீடு" என்றாள் எர்சிலியா. "உன் வேலையைப் பாரு. கிளாஸ்ல தண்ணி குறைஞ்சிருக்கு, ஊத்து."

பெத்ரோனா பாதி தூக்கியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள், சுழலும் தட்டைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் எடுக்கப் போனாள்.

எர்சிலியா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது உள்வட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. உராயும் முன்பே தூக்கிவிட வேண்டும் என்று, கையை முன்கூட்டியே நீட்டி வைத்திருந்தாள்.