மண் அடைத்த கட்டை

...இதற்குப் பேர் வேலையாம், கட்டையை உருட்டிப் படுக்க வைப்பது, ஒரு பிடியை இழுப்பது, அப்புறம் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பது, இதற்கு ஓர் ஆள் வேறா, வீட்டில் இவனுடைய அக்கா போர்வை பிழிவதற்கு இதைவிட அதிகம் மூச்சு வாங்குகிறாள்... விறகுக்கடை வேலியோரம் கோடாரியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கோடாரிக்காரர், எதிரே அவருடைய மச்சினன் விறகு பிளக்கும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நேற்றுத்தான் வந்திறங்கியது அந்தச் சனியன், முதலாளி அதைத் தானே பெற்றெடுத்த மாதிரி பக்கத்திலேயே நிற்கிறார், துடைத்து விடுகிறார், குடை ஒன்றுதான் பிடிக்கவில்லை. இது பிளக்கவா செய்கிறது, பிதுக்குகிறது, மூலவியாதிக்காரன் முக்குகிற மாதிரி ஒரு முக்கல், கட்டை இரண்டாகிவிடுகிறது. அவர் இரண்டு நாளில் பிளப்பதை டீ வருவதற்குள் முடித்துவிட்டது, முடிக்கட்டுமே, எண்ணெய் ஊற்றினால் எந்தக் கழுதையும் உழைக்கும். இதில் இவனுக்கு ஒரு கண்ணாடி வேறு, கழுத்தில் தொங்குகிறது, மூஞ்சியில் போடுவதற்கு வாங்கியதை மாலை மாதிரி போட்டிருக்கிறான், வெல்டிங் பட்டறையில் இதைத்தான் படித்தானா... தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த பழைய குவியலை யார் கலைக்கச் சொன்னது? அங்கே போகாதே என்று சொல்ல முடியுமா, ஏன் என்று கேட்பார்களே.

ஏன் என்றால்... ஆறு வருஷம் இருக்குமா, ஏழு, அந்த முறுக்குக் கட்டை ஒரு நாள் முழுக்க அவரைக் கேவலப்படுத்தியது. கோடாரி துள்ளித் திரும்பியது, இரும்பு ஆப்பு அடித்தார், பாதியில் மாட்டிக்கொண்டது, வெளியேயும் வரவில்லை, பிளக்கவும் இல்லை. அடித்துப் பின்பக்கம் எடுத்துவிடலாம் என்று அதன் தலையில் இன்னோர் இரும்பை வைத்துச் சம்மட்டியால் போட்டார், எந்தப் புத்திகெட்டவனாவது அப்படிச் செய்வானா, ஆப்பு மொத்தமாக உள்ளே இறங்கிவிட்டது, கடையில் இருந்த ஒரே நல்ல ஆப்பு. லோடு ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். துளையில் மரத்தூளும் ஈரமண்ணும் திணித்துத் தேய்த்து, கொட்டகைக்குப் பின்னால் உருட்டிவிட்டார். சாயங்காலம் முதலாளி ஆப்பு எங்கே என்று கேட்டபோது வாய் தானாகச் சொன்னது, "மச்சினன்தான் கடைசியா வச்சிருந்தான்." அவ்வளவுதான், திருடன் என்று அவர் சொல்லவே இல்லை, அதை மற்றவர்கள் சொன்னார்கள். அன்றைக்கே அவனைக் கடையை விட்டு அனுப்பினார்கள், வெல்டிங் பட்டறைக்குப் போனான், இப்போது மெஷின் தெரிந்தவன் என்று முதலாளியே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். இவன் அக்கா ஒரு வருஷம் தம்பி முகத்தில் விழிக்கவில்லை, "போனாப் போகுது, சின்னப்பய, மன்னிச்சு விடு" என்று அவளுக்கு இவர்தான் எடுத்துச் சொன்னார், எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதையும் கேட்டுக்கொண்டு சோறு இறங்கியதே...

அதே கட்டை. மெஷின் மேல். உருட்டி ஏற்றிவிட்டான், கத்திக்கு நேராக வைத்துவிட்டான், துளை இருந்த இடம் கறுப்பாகக் காய்ந்து கிடக்கிறது. மெஷினுக்கு மரம் எது இரும்பு எது என்று தெரியுமா, ஒரே முக்கு, ஆப்பு தெறிக்கும், அல்லது கத்தி உடைந்து தெறிக்கும், உடையட்டும், நாளைக்கே காயலான் கடைக்குப் போகட்டும், முதலாளி மறுபடி வந்து அண்ணே என்று நிற்கட்டும், நாமா வைக்கச் சொன்னோம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்... கண்ணாடி இன்னும் கழுத்திலேதான் தொங்குகிறது. கத்திக்கு ஒரு முழம் தள்ளி அவன் முகம், அக்காவின் அதே மூக்கு.

"டேய், அத வைக்காத!"

"ஏன் மாமா?"

ஏளனமாகச் சொல்லிவிடத்தான் நினைத்தார், கோடாரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "அது... அது பிளக்காது."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "இதுல பிளக்காததா? நீ போடுப்பா!"

மச்சினன் சிரிக்கவில்லை. கட்டையைக் காலால் கீழே தள்ளினான், புரட்டிப் பார்க்கவில்லை, மண்ணைச் சுரண்டிப் பார்க்கவில்லை. "வேணாம் முதலாளி, சில கட்டைக்குள்ள இரும்பு கெடக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைக்குக் குனிந்தான்.

மெஷின் மறுபடி முக்கத் தொடங்கியது. இரும்பு என்று யார் சொன்னது இவனுக்கு, நான் சொல்லவில்லையே... தேடியிருப்பான், பழி விழுந்தவன் தேடாமல் இருப்பானா, எப்போதோ ஒரு நாள் வந்து கண்டுபிடித்திருப்பான், பிறகு மண்ணை அவனே திரும்ப அடைத்தானா? விசேஷத்துக்கு விசேஷம் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டானே, அப்போதெல்லாம் தெரியுமா? சீ, தெரிந்தும் சொல்லாதவன் என்ன மனுஷன், என்று காறித் துப்பப் போனார், வாய் வறண்டிருந்தது. இப்போதுதான் நினைவுக்கு வந்தது, கட்டையை ஏற்றிய பிறகு அவன் கை பிடிக்குப் போகவே இல்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.