தட்டில் ஏறிய தலைமைப் பொறியாளர்

‘கடந்த ஓராண்டில் எத்தனை முறை கீழே விழுந்தீர்கள்?’ என்ற மருத்துவமனைப் படிவத்தின் கேள்விக்கு நேராக, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒரு பூஜ்யம் போட்டார். காம்பஸ் வைத்துப் போட்டது போன்ற பூஜ்யம். யாரும் கேட்காமலே கீழே கையொப்பமும் இட்டார். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடமாக எவரும் கையொப்பம் கேட்காத குறை அவருக்கு.

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கி மூன்று வருடமாகிறது. காது மட்டும் கூர்மை.

“என்ன எழுதுனீங்க?”

“உள்ளதை எழுதுனேன்.”

“அப்ப ரெண்டுன்னு எழுதியிருப்பீங்க.”

“அது விழுந்தது இல்ல. வழுக்குனது.”

“வழுக்கி எங்க போனீங்க? மேலயா?”

தகராறு குளியலறைக் கைப்பிடி பற்றியது. சுவரில் இரண்டு கைப்பிடி வைக்க வேண்டும் என்கிறாள் மகள். அதெல்லாம் நோயாளிகளுக்கு என்கிறார் தந்தை. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: நிற்கும் நிலையை இந்த மருத்துவமனையில் அளந்து பார்ப்பது, சரியாக இருந்தால் மகள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பார்வை மங்கிய மனைவியை எங்கும் கைபிடித்து அழைத்துப் போகிறவர் அவர்தான். அவர் சாய்ந்தால் இரண்டு பேர் சாய்வார்கள். மகளின் கவலை அது.

உள்ளே ஓர் உலோகத் தட்டு இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால், உடம்பு ஆடுகிற ஆட்டத்தைத் திரையில் ஒரு புள்ளி கோடாக இழுத்துக் காட்டும். இயன்முறை மருத்துவர் மகளை விடச் சின்னப் பெண். பொறியாளர் அவளுக்குப் புவியீர்ப்பு மையம் பற்றிப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார்.

“எத்தனை தூண் நிறுத்தியிருக்கேன் தெரியுமாம்மா?”

“தூண் எந்திரிச்சு பாத்ரூம் போகாது சார். ஏறி நில்லுங்க.”

கால்களைச் சேர்த்து நின்றார், பரவாயில்லை. கண்ணை மூடச் சொன்னாள். கோடு குழந்தை கிறுக்கிய படமாயிற்று. ஒரு பாதத்தின் முன்னால் மற்றதை ஒட்டிவைத்துப் பத்து விநாடி நிற்கச் சொன்னாள். நான்காவது விநாடியில் அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

“மெஷின்ல கோளாறு. வேற யாரையாவது ஏத்திப் பாருங்க.”

அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவியை ஏற்றினாள்.

“கண்ணை மூடிக்கோங்கம்மா.”

“மூடுனாலும் தொறந்தாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லம்மா.”

பத்து விநாடியும் புள்ளி மிளகளவு இடத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. மருத்துவருக்கே வியப்பு.

“எப்படிம்மா இது?”

“பாத்திரம் வெளக்கி முடிச்சதும் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கித் தூக்கி எறக்குவேன். அப்பறம் ஒத்தக் கால்ல நிப்பேன். ரேடியோல சொன்னாங்க. மூணு வருஷமாச்சு.”

“இவளை நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்!” என்றார் பொறியாளர், நியாயம் கேட்பவர்போல.

“படி எறங்கறப்ப யாரு யாரைப் பிடிக்கிறாங்கன்னு என் தோளுக்குத் தெரியாதா? மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டேன். ரெண்டாந்தடவை உங்களைத் தூக்குனேன்ல, அப்ப எனக்கும் கால் வழுக்கிடுச்சு. குழாய் கைக்குக் கெடச்சுது. இல்லன்னா மண்டை தரையிலதான்.”

அவருக்கு இது தெரியாது. அன்று விழுந்த வெட்கத்தில், தூக்கியவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இப்போது படிவத்தைத் திரும்ப வாங்கி, பூஜ்யத்தை அடித்துவிட்டு 2 என்று எழுதினார். இந்த முறை கையொப்பம் இடவில்லை.

மருத்துவர் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தாள். அவர் சாப்பிடுகிற மாத்திரைகளில் தலைசுற்றல் தருவது ஏதும் உண்டா என்று, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். சனிக்கிழமை கைப்பிடிகள் வந்தன. ரசமட்டத்தை வைத்துக்கொண்டு நின்ற பொறியாளர், கொத்தனாரை நான்கு முறை அழித்து அளக்க வைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது பாத்திரத் தொட்டியின் முன்னால் காலையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் எண்ணிக்கை சொல்ல, மற்றவர் திருட்டுத்தனமாக இரண்டைக் குறைக்கிறார்.

அந்த வாரமே, பூங்காவில் தன்னோடு மாலையில் நடக்கிற ஓய்வுபெற்ற பெருமக்களை நிறுத்தி, பழைய கூட்டக் குரலில் அறிவித்தார்: “நான் ரெண்டு தடவை விழுந்துட்டேன்.”

எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தொண்டையைச் செருமினார்.

“நான் நாலு. வீட்டுக்குத் தெரியாது.”

வங்கி மேலாளர் மெல்ல மூன்று விரலைக் காட்டினார்.

“விழறதுல என்னய்யா மானக்கேடு?” என்றார் பொறியாளர். “வயசானா கால் தடுமாறும். அதைச் சொல்லாம மறைச்சு, தூக்க வர்றவங்களையும் சேர்த்து விழ வைக்கிறோமே, அதான் மானக்கேடு. அளந்து பாத்தா அஞ்சு நிமிஷ வேலை. பயிற்சி செஞ்சா கால் நம்ம பேச்சைக் கேக்கும்.”

“அடுத்த மாசம் பாக்கலாமே…” என்று இழுத்தார் நீதிபதி.

“வாய்தா எல்லாம் கெடையாது. நாளைக்குக் காலைல பத்து மணி.”