வம்பைக் கழித்த தகடு

மூன்றாம் மாடி அண்ணியின் தங்கத் தகட்டில் எங்கள் தெருவின் வம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவளுடைய கருவி அப்படியொன்றும் பிரமாதமில்லை. கண்ணாடி வில்லை, அதன்மேல் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய தங்கப் பூச்சு, அடியிலிருந்து சிவப்பு ஒளி. ஒரு சாய்வில் விழும் ஒளியை மட்டும் தங்கம் விழுங்கிவிடும், திரையில் கறுப்புக் கோடு தெரியும். தங்கத்தின்மேல் எது வந்து ஒட்டினாலும் கோடு நகரும். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே இரத்தத்தில் தலைகாட்டும் ஒரு புரதத்தை மட்டும் பிடித்து ஒட்டவைக்க அவள் அதில் தூண்டில் போட்டிருந்தாள். மாமனாருக்குக் கால் வீங்கிய பிறகுதான் நோய் தெரிந்தது. அடுத்த மாதம் அவர் இல்லை. நாத்தனாருக்கும் அதுவே வரலாம் என்ற பயத்தில்தான் தான் வேலைபார்க்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து கருவியைத் தூக்கிவந்து வீட்டுக் கூடத்து மேசையில் வைத்தாள்.

வந்த இடத்தில் வெறும் தண்ணீருக்கே கோடு ஓடியது. நுண்ணோக்கியில் பார்த்தால் எழுத்தெழுத்தாக எங்கள் பேச்சு. பால்காரர் விட்ட புளுகு, தையற்காரியின் மகளைப் பற்றி யார் கிளப்பியதென்றே தெரியாத சேதி, எல்லாவற்றுக்கும் மேலே நாத்தனாரின் வாய்: "ஊரு உலகத்துல தங்கத்தைக் கழுத்துல போடுவாங்க. எங்க அண்ணி கண்ணாடிக்குப் பூசி அழகு பாக்குறாங்க."

சன்னலைச் சாத்திப் பார்த்தாள். சன்னலுக்கெல்லாம் அடங்குகிற வாயா எங்களுடையது? ஒரு வருடம் கழுவிக் கழுவி ஓய்ந்தபின், பக்கத்திலேயே தூண்டில் இல்லாத இன்னொரு தகட்டை வைத்தாள். வம்பு இரண்டிலும் ஒட்டும், நோய் ஒன்றில்தான். இதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் உண்மை. வம்பு இரண்டிலும் சமமாக விழ வேண்டுமே என்று தெருவையே கூப்பிட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்தாள். அப்படியொரு மரியாதை எங்களுக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

"விரலை நீட்டு," என்றாள் நாத்தனாரிடம்.

"எனக்கென்ன கேடு? ஆஸ்பத்திரியிலேயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, அண்ணி."

"அப்ப பயப்படாம நீட்டு. வாயை மட்டும் மூடிடாத, அது வேணும்."

பேசினோம். இரண்டு கோடுகளும் ஜோடியாக ஓடின. இரத்தம் இரண்டிலும் பட்டதும் ஒன்று நின்றுவிட்டது, தூண்டில் தகட்டின் கோடு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. அந்த மிச்சம்தான் நோய். மறுநாளே நாத்தனாரை மருத்துவரிடம் கூட்டிப்போனாள் அண்ணி. மருத்துவர் மறுபடி சோதித்து, இவ்வளவு சீக்கிரத்தில் எப்படித் தெரிந்தது என்று இரண்டு தரம் கேட்டார். நோய் மருந்திலேயே அடங்கிற்று.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு ஜோடித் தகடும் முதலில் எங்கள் தெருவுக்கு வருகிறது, வம்பு சமமாக ஒட்டுகிறதா என்று பார்க்க. நடு நாற்காலி நாத்தனாருக்கு. இரண்டு தகட்டுக்கும் வஞ்சனையில்லாமல் பேசுகிறாள்.