ஒரே தட்டில் சாப்பிடுவோர் கவனத்திற்கு

எங்கள் கிருபா நகர் டெக் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் அறிவியல் செய்தியைத் தெருவிளக்கு எரிவதற்குள் யாரும் மறுக்கவில்லை என்றால், மறுநாள் காலையிலிருந்து அது எங்கள் பகுதியில் நடைமுறைக்கு வந்துவிடும். பால் பூத்திலிருந்து தண்ணீர் டேங்க் வரைக்கும் எல்லை. அதைத் தாண்டினால் பழைய அறிவியல்தான்.

போனை ஃபிரிட்ஜில் வைத்தால் சார்ஜ் ஏறும் என்று போன வருஷம் ஒரு செய்தி வந்தது. யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு போன்கள் குளிர்ந்துகொண்டிருக்கும். ஒரு தடவை இடி விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்று வந்த பிறகு, மழை இருட்டினால் போதும், தெருவே கிளம்பிப் போய் சேவியர் வீட்டுக் கருகின தென்னைக்கு அடியில் நிற்கும். நனைந்துகொண்டே புது மாடல் போன்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் கடுக்க நின்று பேசுவதற்கு மெகாபிக்சல்தானா கிடைத்தது இவர்களுக்கு?

ஒருவர் ஆசையாகப் போட்டதை மூஞ்சியில் அடித்தாற்போல் பொய் என்று சொல்ல இங்கே யாருக்கும் மனசு வராது. பத்மாசனி டீச்சர் மட்டும் சொல்வார். பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்து ரிட்டையர் ஆனவர். அவரும் முதலில் கும்பிடும் கையைப் போட்டுவிட்டுத்தான் மறுப்பார். குரூப்பில் அந்தக் கை தெரிந்தால் செய்தி போட்டவர் அடுத்த செய்தியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கணவன் போட்ட செய்திக்கு முதல் கட்டைவிரல் மனைவியுடையதாக இருக்க வேண்டும். மனைவி போட்டால் கணவனுடையது. தாமதமானால் வீட்டில் சண்டை என்று ஊரே முடிவு கட்டிவிடும். சேவியரின் மனைவி லூர்து அக்கா ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் சமாதானம் பேச மூன்று பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் நாங்கள் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டதும் அமுக்கிவிடுவோம்.

என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். எதையும் முதல் வரிக்கு மேல் படிக்க மாட்டார். ஆனால் குரூப்பில் செய்தி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதன்கிழமை மத்தியானம் ஒன்று போட்டார். மனித உடம்பின் செல்கள் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாறிவிடுகின்றன, அதன் பிறகு அவர் முற்றிலும் வேறு மனிதர், ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு. நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவக்கூட நேரமில்லை. புளி ஒட்டாத சுண்டுவிரலால் கட்டைவிரலை அமுக்கிவிட்டு ரசத்தைக் கவனித்தேன். டீச்சர் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் சிக்னல் இல்லை. தெருவிளக்கு எரிந்துவிட்டது.

வியாழன் காலை எல்லோர் போனிலும் 'செல் மாற்றம்' என்று ஒரு பட்டை வந்திருந்தது. அப்டேட் ஆகும்போது ஓடுமே, அதே மாதிரி. எனக்கு நாற்பத்தொரு சதவீதம். அவருக்குத் தொண்ணூற்றெட்டு.

"பரவாயில்லையே, எனக்கு ஸ்பீடா ஓடுது," என்று சொல்லிவிட்டு அவர் மில்லுக்குக் கிளம்பினார்.

பட்டை முதலில் நிறைந்தது சேவியருக்குத்தான். வெயில் ஏறும் நேரம். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே போட்டார். நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார்.

"இது யாரு வீடுங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு யாரு வேணும்?" என்றார் லூர்து அக்கா.

"யாரும் வேண்டாம். சும்மா நிக்கேன்."

அக்கா காபி கொண்டுவந்து கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லி, டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு டேங்க் பக்கமாக நடந்து போனார். அங்கே ஒரு ரூம் பார்த்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. மத்தியானமே குரூப்பில் புது உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார். எல்லோரும் பூங்கொத்து போட்டு வரவேற்றோம். கொஞ்ச நேரம் கழித்து லூர்து அக்கா ஒரு செய்தி போட்டார்: "பழைய சார்ஜர் ஒண்ணு இருக்கு. யாருக்காவது வேணுமா?" அதற்கு முதல் கட்டைவிரல் யார் போடுவது என்று தெரியாமல் குரூப் வெகு நேரம் சும்மா கிடந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். வெந்த சோற்றை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து போனைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றும் பெரிய மன்மதன் இல்லை. சாப்பிடும்போதுகூட பேட்டரி, பிராசசர் என்று உயிரை எடுப்பார். எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்! ஆனால் கரண்ட் போன நேரத்தில் மாடிப்படி இறங்கும்போது, வாய் பாட்டுக்கு ஏதோ ஒரு போனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும், கை மட்டும் டார்ச் வெளிச்சத்தை என் காலடிக்குத் திருப்பிக்கொண்டே வரும். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. புதிதாக வரப்போகிற ஆளிடம் அதை எப்படிச் சொல்லிக் கேட்பது? எனக்கு அவர்தான் வேண்டும். வேறு ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

குரூப் அட்மின் அருள்ராஜின் கடைக்கு ஓடினேன். போன் கவரும் டெம்பர்டு கிளாஸும் விற்கிற கடை. ஒரு போனுக்குக் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் செய்திய எடுத்துருங்க தம்பி," என்றேன்.

"நடைமுறைக்கு வந்தத எடுக்க முடியாதுக்கா. டேங்கத் தாண்டிக் கூட்டிட்டுப் போனாலும் திரும்பி வந்ததும் ஓடத்தான் செய்யும்."

"பாதியிலயாவது நிறுத்துங்க."

"ஐயோ, அப்டேட்ட பாதியில நிறுத்தினா செட்டே டெட் ஆயிரும்." காற்றுக் குமிழியை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னார். "வரப்போறது லேட்டஸ்ட்தானக்கா. அண்ணன விட நல்லாவே இருக்கும்."

அவர் தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது. திரும்பி வரும் வழியில்தான், எடுக்க முடியாவிட்டால் என்ன, இன்னொன்றைப் போடலாமே என்று தோன்றியது. நான் அதுவரை குரூப்பில் ஒரு செய்திகூடப் போட்டதில்லை. டைப் அடிக்கத் தெரிந்த அளவுக்கு அடித்தேன்.

"ஒரே தட்டில் சாப்பிடுவோர் கவனத்திற்கு. கணவனும் மனைவியும் ஒரே தட்டில் சாப்பிட்டால் அவர்களுடைய செல் சதவீதம் இடம் மாறிவிடும். ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு."

அனுப்பிய மறு நொடியே மில்லிலிருந்து அவருடைய கட்டைவிரல் வந்து விழுந்தது. மனுஷர் முதல் வரியைத் தாண்டியிருக்க மாட்டார். பின்னாலேயே ஏழெட்டுக் கட்டைவிரல்கள் வந்தன. அதற்கப்புறம், பத்மாசனி டீச்சர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.

வெளிச்சம் இன்னும் இருந்தது. டீச்சர் எழுதினார். நிறுத்தினார். மறுபடி எழுதினார். நான் வாசலில் நின்று விளக்குக் கம்பத்தை ஒரு தடவையும் போனை ஒரு தடவையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரியேன், உனக்கு என்ன கேடு என்று கம்பத்தைத் திட்டினேன். பால்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். கும்பிடும் கை வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எதுவும் வரவில்லை. விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. அதற்கப்புறம்தான் டீச்சரின் அடுத்த செய்தி வந்தது: "குணவதி, நன்றாக மென்று சாப்பிடவும்."

வெள்ளி காலை என் வீட்டுக்காரருக்குத் தொண்ணூற்றொன்பது ஆகியிருந்தது. எட்டு இட்லி அவித்து, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, மிளகாய்ப் பொடியில் எண்ணெய் விட்டு நடுவில் குழைத்தேன்.

"என்ன குணா, ஒரே தட்டு? புதுசா இருக்கு?"

"தண்ணி வரல. தட்டு விளக்க முடியாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். மடிக்கிற போன் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். அதைச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு விள்ளல், அவர் ஒரு விள்ளல். என் போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது இட்லி முடிவதற்குள் எனக்குத் தொண்ணூற்றொன்பது வந்துவிட்டது. அவருடைய போன் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் நாற்பத்தொன்று. அப்பாடா என்று இருந்தது. என் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எத்தன தடவ மடிக்கலாம்?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பேச்சில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இட்லியை வைத்துவிட்டு, பொடி ஒட்டிய கையை மூடி மூடித் திறந்து மடிக்கிற விதத்தைக் காட்டினார். ஸ்கிரீனில் மடிப்புத் தெரியுமா என்று கேட்டேன். வெயிலில் மட்டும் லேசாகத் தெரியுமாம். கீழே விழுந்தால்? அதற்கும் பதில் வைத்திருந்தார். இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அவர் பேச்சு போதவில்லை.

இங்கிருந்து சொல்வது நான். பட்டை நிறைந்து, இதுவரை சொன்னவர் முடிந்துவிட்டார்.

எனக்கு எதிரில் ஒருவர் உட்கார்ந்து கையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தட்டு, அதில் நாலு இட்லி. என் விரலிலும் மிளகாய்ப் பொடி இருந்தது.

"கேக்கியா, குணா?" என்றார்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டேன்.

அவர் கை பாதி மடிப்பில் நின்றது. என் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு செய்தியைத் தேடி, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மூன்று வரிதான். படித்து முடிக்க அவருக்கு நிறைய நேரம் பிடித்தது.

பிறகு போனை வைத்துவிட்டு, தன் பெயர் ஆதிநாராயணன் என்றும் ரைஸ் மில்லில் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். மரியாதையான மனிதராகத் தெரிந்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குப் பெயர் எதுவும் இல்லை.

"இங்க இருந்தவங்க பேரு குணவதி," என்றார். "அது இப்ப சும்மாதான் இருக்கு. வேணும்னா வச்சுக்கோங்க."

"ரெண்டு நாள் போட்டுப் பாக்கேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காரம் போல என்று நினைத்து, தண்ணீர் எடுத்துக் கொடுக்க எழுந்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்க வேண்டியிருந்தது.