மாலையில் பிடித்த கால்சட்டை

பதின்மூன்று வயதில் எனக்கு விரைவீக்கம் வந்தது. நான் நடந்தால் தெருவே இடப்பக்கம் சாய்ந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுவை சிகிச்சைக்குக் கிடத்தியிருந்த காலையில் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். வீங்கிய விரைப்பை சிவப்பு பல்பு மாதிரி எரிந்தது.

"தண்ணிதான். எங்க கீறணும்கிறதுதான் கேள்வி. வயித்துலேருந்து தண்ணி இறங்குற வழி திறந்திருந்தா, மேல தொடையிடுக்குல கீறி அதைக் கட்டணும். மூடியிருந்தா கீழ பையிலேயே கீறலாம். தப்பா கீழ கீறினா தண்ணி திரும்ப வரும், இன்னொரு ஆபரேஷன். வீக்கம் கூடிக் குறையுதா தம்பி?"

எனக்குப் பல் தந்தியடித்தது. இன்னொரு ஆபரேஷனா!

"காலையில எலுமிச்சம்பழம் டாக்டர், சாயந்திரம் பூசணிக்காய்."

தையல்காரரான அப்பா தலையிலடித்துக்கொண்டார். "இவன் பேச்சை நம்பாதீங்க. லேட்டா வந்ததுக்கு வழியில திமிங்கிலம் படுத்திருந்துச்சுன்னு வாத்தியார்கிட்ட சொன்னவன். நான் பார்க்குறப்ப ஒரே அளவுதான்."

"அப்ப வழி மூடியிருக்கு" என்று மருத்துவர் பேனாவை எடுத்துக் கீழே பையில் கோடு போட்டார். பேனா முனை ஐஸ்கட்டியாகச் சுட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, சத்தியமாப்பா! நீங்க தைச்ச கால்சட்டை காலையில சரியா இருக்கு, சாயந்திரம் பிடிக்குது!"

அப்பாவின் முகம் வெளுத்தது.

"டாக்டர்... ரெண்டு மாசமா நாலு தடவை பிரிச்சுத் தைச்சுட்டேன். காலையில அளவெடுத்தா கச்சிதம். சாயந்திரம் போட்டா முன்பக்கம் ஒரு இஞ்ச் பத்தலை. எனக்குத்தான் கை தவறுதுன்னு வெளிய சொல்லலை."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"முப்பது வருஷமா தைக்கிறவன் எந்த வாயால சொல்றதுங்க?"

மருத்துவர் பஞ்சால் கீழ்க்கோட்டை அழித்து, தொடையிடுக்கில் புதுக்கோடு போட்டார். "ராத்திரி படுத்தா வத்துது, நடமாடினா இறங்குது. வழி திறந்திருக்கு. மேலதான்."

கோடு இடம் மாறியதே தவிர நடுக்கம் நிற்கவில்லை. நான் படுத்திருந்த தள்ளுவண்டியே என்னோடு சேர்ந்து கடகடத்தது. ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. உள்ளே வெள்ளை வெளிச்சம்; தட்டில் ஏதோ உலோகச் சத்தம்.

"பயமா இருக்கா?" என்றார் மருத்துவர்.

"இல்லையே."

அப்பா அதையும் நம்பவில்லை. நர்ஸ் மூன்று முறை சொன்ன பிறகுதான் என் கையை விட்டார்.